கரை சேர்ந்த கப்பல்

இந்த மாசி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உன் வாக்கு பலிச்சிருச்சுய்யா" என்றாள். அடகில் கிடந்த ஆறு பவுன் சங்கிலி அன்று காலையில்தான் அவள் கழுத்துக்குத் திரும்பியிருந்தது. பின்கட்டில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. வாழையிலையில் சூடாக ஒரு கரண்டி பால்கோவா வைத்துக் கொடுத்தாள். அதை விழுங்க முடியாமல் நின்றேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த ஒரு நாளில் எனக்கு மட்டும் ஏன் ஓடிவிட வேண்டும்போல இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் ராஜபாளையம். அத்தை வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறி, மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நாலு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். அத்தை வீட்டில் சின்னதாக ஒரு பால்கோவாக் கடை. அத்தை மகன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறான். என்னைவிட நாலு வயது சின்னவன், எனக்கு மாப்ள, அவனுக்கு நான் மச்சான். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். கடைசி வருடப் புராஜெக்ட் கண்ணாடி இழைத் தகவல் தொடர்பில். பிறகு எல்லோரையும்போல சென்னையில் மென்பொருள் வேலை. ஆனால் அந்த ஒரு புராஜெக்ட்டின் பலத்தில், ஒளியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேர் உண்டு. அதுதான் வினை.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலாகியிருக்கிற ஒரு சின்ன ஒளியியல் சிப் கம்பெனியின் பங்குகளை நான் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையே இன்னொரு 'டிப்' ஆகிவிடும், பிறகு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அந்தக் கம்பெனி செய்ய நினைக்கும் காரியம் உண்மையில் அழகானது. கம்ப்யூட்டர்களுக்கு நடுவே செம்புக் கம்பியில் மின்சாரமாகப் போகும் தகவலை ஒளியாக அனுப்புவது. வேகம் கூடக் கூட, செம்பில் சமிக்ஞை சில மீட்டருக்குள் தேய்ந்துபோகும், கம்பியும் சூடாகும். செயற்கை நுண்ணறிவுக்காக ஆயிரக்கணக்கான சிப்புகளை ஒரே கட்டடத்தில் கோத்து வைக்கும் காலத்தில் இது பெரிய தலைவலி. ஒளிக்கு அந்தத் தொந்தரவு குறைவு. சிலிக்கான் தகட்டிலேயே அரை மைக்ரான் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஒளியை அதற்குள் ஓட விடலாம். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவான வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், சிலிக்கானுக்கு ஒளியைக் கடத்தத் தெரியும், உண்டாக்கத் தெரியாது. லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு மாதிரி வேறொரு பொருள் வேண்டும். அதைத் தனியாகச் செய்து, மைக்ரானுக்கும் குறைந்த பிசகோடு சிலிக்கான் வாய்க்காலின் வாயில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். கொஞ்சம் விலகினால் ஒளி வெளியே சிந்திவிடும். இதை ஆய்வுக்கூடத்தில் ஒரு தடவை செய்வது ஒரு கலை. ஒரு லட்சம் தடவை ஒரே மாதிரி செய்வது தொழில். பத்துப் படி வேலை, ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தேறும் என்றால்கூட, கடைசியில் கையில் மிஞ்சுவது அறுபதுதான். தொண்ணூற்றைந்தைப் பத்துத் தடவை பெருக்கிப் பாருங்கள். நல்ல விஞ்ஞானம் கையில் இருந்தும் இந்தத் துறையில் கம்பெனிகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான்.

அதற்குப் பிறகும் வாங்குகிறவர் இருக்கிறார். முதலில் சாம்பிள் கேட்பார். மாதக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் போட்டு வாட்டிப் பார்ப்பார். பிறகு கொஞ்சம் ஆர்டர். பிறகு, அவருடைய அடுத்த வடிவமைப்பில் இடமிருந்தால், பெரிய ஆர்டர். சாம்பிள் அனுப்பினோம் என்ற செய்திக்கும் சரக்கு விற்றுப் பணம் வந்தது என்ற செய்திக்கும் நடுவே இரண்டு வருடம் ஓடிவிடும். பங்கு வைத்திருக்கிற நாங்கள் வாழ்வது அந்த இரண்டு வருடத்துக்குள்தான். எங்களுக்கு உள்ளே எதுவும் தெரியாது. ஆகவே குறி பார்க்கிறோம்.

குறி என்றால் நிஜமாகவே குறிதான். கம்பெனி புதிதாக ஒரு உற்பத்தி இன்ஜினியருக்கு விளம்பரம் கொடுத்தால், "அப்ப ஆர்டர் வந்திருக்கு." கண்காட்சியில் பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் இவர்களுடைய மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டோ கிடைத்தால், "அப்ப பேச்சுவார்த்தை நடக்குது." காலாண்டுக் கூட்டத்தில் தலைவர் போன தடவை 'எதிர்பார்க்கிறோம்' என்றதை இந்தத் தடவை 'உறுதியாக எதிர்பார்க்கிறோம்' என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. அமெரிக்கச் சந்தை நமக்குக் கோடையில் சாயங்காலம் ஏழு மணிக்கும் குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் திறக்கும். வேலை முடிந்து, சாப்பிட்டு, பல் விளக்கி, ராத்திரி ஒன்றரை வரைக்கும் சும்மா கிடக்கும் மனசுக்கு இதைவிட நல்ல தீனி இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. நாச்சியார் திருமொழியின் நாலாவது பகுதி முழுக்கக் கூடல் இழைப்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் ஒரு வட்டம் வரைய வேண்டும். தொடங்கிய இடத்தில் முனை வந்து கூடிவிட்டால் அவன் வருவான். கூடாவிட்டால்? அழித்துவிட்டு மறுபடி வரையலாம். கூடலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 'வருவான்' என்று சொல்லத்தான் அதற்கு வாய் உண்டு, 'வரமாட்டான்' என்று கடைசியாகச் சொல்லும் வாய் கிடையாது. நாங்கள் பார்த்த குறிகளும் அப்படித்தான். ஆள் எடுத்தால் நல்ல குறி. ஆள் எடுக்கவில்லையா, செலவைக் கட்டுப்படுத்துகிறார்கள், அதுவும் நல்ல குறி.

எலக்ட்ரானிக்ஸ் படித்த எனக்கு அந்தப் பத்துப் படிப் பெருக்கல் தெரியும். ஆனால் அதே பெருக்கலை என் நம்பிக்கை மேல் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. விளம்பரம் உண்மையாக இருக்கணும், அது ஆர்டருக்காக இருக்கணும், ஆர்டர் பெரிதாக இருக்கணும், தேறும் விகிதம் சரியாக இருக்கணும், லாபம் மிஞ்சணும். ஐந்து படி. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எண்பது கொடுத்தால் கடைசியில் முப்பத்து மூன்றுகூடத் தேறாது. நான் மனசுக்குள் எண்பதிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மாப்ள ஒருநாள் அடுப்படியில் துடுப்பால் கிண்டிக்கொண்டே கேட்டான்: "பால் சுண்டுதா இல்லையான்னு இந்தா கண்ணுக்குத் தெரியுது மச்சான். சிப்புல எப்பிடித் தெரியும்?" நான் மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன், ஒளி, வாய்க்கால், இண்டியம் பாஸ்பைடு எல்லாம். உற்சாகமாகச் சொன்னேன். பெருக்கலை மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்டதற்கு நேர்மையான பதில் 'தெரியாது' என்பதுதான். அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன்.

கடைக்கு ஃப்ரீசர் வாங்குவதற்காக அத்தை சங்கிலியை அடகு வைத்து அவனிடம் இரண்டு லட்சம் கொடுத்திருக்கிறாள். அவன் போனில் கணக்குத் திறந்து, பேங்க் வழியாக டாலராக மாற்றி, மொத்தத்தையும் அந்தப் பங்கில் போட்டுவிட்டான். வெளிநாட்டுப் பங்கு வாங்க வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆறு பவுன் அதில் எந்த மூலைக்கு. எனக்குத் தெரியவந்தது இரண்டு மாதம் கழித்து. ஃப்ரீசர் எங்கேடா என்று அத்தை கேட்டதற்கு அவன் சொன்ன ஒரே பதில்: "மச்சான் சொன்னாரு."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒளியை நம்பிப் பணம் போட்டவர்களின் கதை எங்கள் வீட்டோடு தொடங்கியதில்லை.

குருராஜ் தேஷ்பாண்டே ஹூப்ளிக்காரர், சென்னை ஐஐடியில் படித்தவர். அவர் சேர்ந்து தொடங்கிய சிகமோர் நெட்வொர்க்ஸ் ஒளி இழை வலைகளுக்கான கருவிகள் செய்த கம்பெனி. 1999 அக்டோபரில் 38 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. முதல் நாள் சந்தை மூடும்போது விலை 184 டாலரைத் தாண்டியிருந்தது. அப்போது அந்தக் கம்பெனியின் விற்பனை என்பது பேச்சுக்குத்தான். 2013-இல் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டுக் கம்பெனியைக் கலைத்தார்கள். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ரிக்மன் 1988-இல் தொடங்கிய புக்கம் டெக்னாலஜி, சிலிக்கானில் ஒளியை ஓட்டுவதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்ட முன்னோடிகளில் ஒன்று. 2000 ஏப்ரலில் பட்டியலாகி, சில மாதங்களில் பல மடங்கு ஏறி, லண்டனின் முதல் நூறு கம்பெனிகளுக்குள் போனது. 2002-க்குள் பங்கு ஒரு பவுண்டுக்கும் கீழே. ஜேடிஎஸ் யூனிஃபேஸ் 2001 நிதியாண்டில் காட்டிய நஷ்டம் 5,000 கோடி டாலருக்கும் மேல். அதுவரை அமெரிக்காவில் எந்தக் கம்பெனியும் ஒரு வருடத்தில் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை.

ரிக்மன் அதோடு நிற்கவில்லை. 2013-இல் ராக்லி ஃபோட்டானிக்ஸ் என்று இன்னொன்று தொடங்கினார். ஆப்பிள் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் என்று 2021-இல் ஆவணங்களில் தெரிந்ததும் குறி பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம். கைக்கடிகாரத்திலேயே ஒளியை வைத்து ரத்தத்தைப் படிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அந்த ஆகஸ்டில் நியூயார்க் சந்தைக்கு வந்தது. 2023 ஜனவரியில் திவால் மனு. பங்கு வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் வைத்து 'பாத்தீங்களா, பேராசை' என்று முடித்துவிடலாம்தான். ஆனால் கதை அப்படி முடியவில்லை. புக்கம் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து ஓக்ளாரோ ஆனது. ஜேடிஎஸ் யூனிஃபேஸிலிருந்து பிரிந்த லுமென்டம், 2018-இல் ஓக்ளாரோவை வாங்கியது. அதே லுமென்டமின் பங்குதான் 2025-இல் செயற்கை நுண்ணறிவு அலையில் பாய்ந்து ஏறியது. 2000-இல் நம்பியவர்கள் நம்பிய விஷயம் பொய்யில்லை. இருபத்தைந்து வருடம் சீக்கிரமாக நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மண்ணுக்கடியில் புதைத்த கண்ணாடி இழையில் பெரும்பகுதி வருடக்கணக்கில் இருட்டாகவே கிடந்தது. போட்டவர்கள் திவாலானார்கள். பிறகு வந்தவர்கள் சல்லிசாக வாங்கி ஒளி ஏற்றினார்கள். யாரோ ஒரு அமெரிக்க ஆசிரியரின் ஓய்வூதியம் கரைந்துபோனதால்தான் நமக்கெல்லாம் இன்டர்நெட் மலிவாகக் கிடைத்தது என்றுகூட வாதாடலாம். அந்த ஆசிரியரிடம் யாராவது கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

நம் பக்கமும் குறைச்சலில்லை. ஆர்ஆர்பி செமிகண்டக்டர் என்ற பெயர் கொண்ட பங்கு 2025 டிசம்பர் வரையான இருபது மாதத்தில் 55,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. முழுநேர ஊழியர் இரண்டு பேர். செமிகண்டக்டர் உற்பத்தி எதையும் இன்னும் தொடங்கவில்லை என்று கம்பெனியே சந்தைக்கு எழுதிக் கொடுத்த பிறகும் வாங்க ஆள் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான் வியாபாரம் என்று சந்தை கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அதே சமயத்தில் சென்னை ஐஐடியில் ஒளியியல் சிப்புகளுக்கென்றே இருக்கும் மையத்தில் மாணவர்கள் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். 2025-இல் அங்கிருந்து வெளியே வந்த ஒரு கருவி, ஒளியின் குவாண்டம் குணத்தை வைத்து யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்களை உருவாக்குகிறது. சூதாடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு உண்டா என்று நினைத்துச் சிரித்தேன்.

ராஜபாளையத்துக்குச் சூது பழக்கமில்லாததா என்ன. பஞ்சு மார்க்கெட் என்று பஸ் ஸ்டாப் இருக்கிற ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோது, அதில் பணம் போட்டவர்களும் இன்னும் ஓடாத ஒரு மில்லை நம்பித்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் சாயங்காலம் நடந்துபோய்ச் சுவர் எத்தனை அடி எழும்பியிருக்கிறது என்று பார்க்க முடிந்திருக்கும். அதே பஞ்சை வைத்து பம்பாயில் வேறொரு ஆட்டம் நடந்தது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தியில் வரும், அந்த எண்களின் மேல் பந்தயம். 1960-களின் தொடக்கத்தில் அந்த விலை வருவது நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள், மட்கா பிறந்தது. நம்மூர்ப் போலீஸ் செய்திகளில் இன்றைக்கும் அதற்குப் பெயர் 'காட்டன் சூதாட்டம்'. பஞ்சு போய் அறுபது வருடத்துக்கு மேலாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண் இருந்தால் போதும், பொருள் வேண்டியதில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குள் ஒரு கேள்வி வந்தது: நான் வைத்திருக்கும் பங்குக்குப் பின்னால் இருக்கும் சிப் நாளைக்குக் காணாமல் போனால், விலை ஏறிக்கொண்டிருக்கும் வரை எனக்கு அது தெரியவருமா?

இனி உண்மைக்கு வருகிறேன்.

2025-இன் தொடக்கத்தில் விலை இறங்கியது. மாப்ளயின் இரண்டு லட்சம் ஒரு லட்சத்துக்கும் கீழே போனது. கம்பெனி மறுபடியும் புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டியது. வருமானமில்லாத கம்பெனி சம்பளம் கொடுக்க வேறு வழியில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய பங்குதாரரின் பங்கு கொஞ்சம் நீர்த்துப்போகும், பாலில் தண்ணி ஊற்றின மாதிரி. ஒரு வியாழக்கிழமை ராத்திரி நான் என் பங்குகளில் பாதியை விற்றேன். நஷ்டத்துக்குத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் பண்ணினாள். அவளுக்குப் பங்கும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. "ஏய்யா, அந்தக் காசு வந்துருமா?" அவ்வளவுதான் கேட்டாள்.

"வந்துரும் அத்த. பொறுமையா இருக்கச் சொல்லுங்க அவன."

விற்று மூன்று நாள்கூட ஆகவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நான் விற்றுவிட்டேன் என்று சொன்னால் அவனும் விற்பான், நஷ்டம் அந்த நிமிஷத்தில் நிஜமாகிவிடும், அது என் தலையில் விழும். விற்காதவரை அது வெறும் எண். அத்தைக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன். ஆறுதல் எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அவன் விற்கவில்லை. பொறுத்தான். வருடக் கடைசியில் அந்தத் துறையே எழும்பியது, இந்தக் கம்பெனியும் கூடச் சேர்ந்து எழும்பியது. இரண்டு லட்சம் ஐந்து லட்சத்தைத் தாண்டியபோது கொஞ்சம் விற்றுச் சங்கிலியை மீட்டான், ஃப்ரீசரும் வந்தது. என்னைவிட அவனுக்கு லாபம் அதிகம், ஏனென்றால் நான் பாதியை விற்றுவிட்டேன். நான் சொன்ன பொய்யை நம்பியதால் அவனுக்கு லாபம்.

வில்லியம் கிளிஃபர்ட் என்ற கணித அறிஞர் 1877-இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருவான். பழைய கப்பல், ஏகப்பட்ட தடவை பழுது பார்த்தது. பிழைக்கப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப நிற்கிறது. முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது, பரிசோதிக்கலாமா என்று. பிறகு, இத்தனை புயலைத் தாண்டிய கப்பல்தானே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான். மனப்பூர்வமாக நம்பி வழியனுப்புகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் குற்றவாளியா? ஆம் என்கிறார் கிளிஃபர்ட். மனப்பூர்வமாக நம்பினானே என்றால், அந்த நம்பிக்கைக்கு அவனுக்கு உரிமையில்லை, சந்தேகத்தை அமுக்கித்தானே அதைச் சம்பாதித்தான் என்கிறார். இதை எழுதுவதற்கு ஏழு வருடம் முன்னால் கிளிஃபர்டே சிசிலிக்குப் பக்கத்தில் கப்பல் விபத்தில் மாட்டிப் பிழைத்தவர்.

பொதுவாக இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமானது அவர் அடுத்துக் கேட்பதுதான். சரி, கப்பல் மூழ்கவில்லை, பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டது, அடுத்தடுத்துப் பல பயணங்களும் போய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவன் குற்றம் கொஞ்சமாவது குறையுமா? துளியும் குறையாது என்கிறார். கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவே.

கல்லூரியில் இதைப் படித்தபோது அதீதமாகப் பட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அப்புறம் என்ன குற்றம்? இப்போது அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லும்போது அந்த வரிசை மொத்தமும் உடம்புக்குள் புரிந்தது. அந்த முதலாளிகூட என்னைவிட மேல். அவன் நம்பினான். நான் கப்பலிலிருந்து என் மூட்டையில் பாதியை இறக்கிக்கொண்டு, கரையில் நின்று "பத்திரமா போயிட்டு வாங்க" என்று கையாட்டியவன்.

எனக்குச் சாதகமாகப் பேச ஒருத்தர் உண்டு, வில்லியம் ஜேம்ஸ். 1896-இல் கிளிஃபர்டுக்குப் பதில் சொல்வதுபோல அவர் பேசினார். சில விஷயங்களில் ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தால் ஆதாரம் வரவே வராது, நம்பிக்கைதான் அதை உண்டாக்கும் என்பது அவர் கட்சி. மலையில் பள்ளத்தைத் தாண்ட வேண்டியவன், தாண்டுவேன் என்று நம்பினால்தான் காலில் பலம் வரும். சின்னக் கம்பெனி விஷயத்தில் இது வெறும் உவமை இல்லை, கணக்கு. பங்கு விலை நன்றாக இருந்தால் குறைந்த பங்கை விற்று அதே பணத்தைத் திரட்டலாம், இன்னும் ஒரு வருடம் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரியும், அந்த ஒரு வருடத்தில் லேசர் சரியாகப் பொருந்திவிடலாம். வாங்குகிறவர்களின் நம்பிக்கைதான் கம்பெனிக்கு மூச்சு. எல்லோரும் கிளிஃபர்ட் சொன்னபடி இருந்திருந்தால் 1936-இல் எங்கள் ஊரில் மில் வந்திருக்காது, ஒளிச் சிப்பும் வந்திருக்காது. இதை நான் இன்னமும் நம்புகிறேன். ஊகம் பண்ணுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களோடு நான் இல்லை.

ஆனால் ஜேம்ஸின் மலையேறி தன் காலால் தாண்டுகிறான். விழுந்தால் விழுவது அவன் உடம்பு. கூடல் இழைத்தவளும் அப்படித்தான். தன்னை மொத்தமாக வைத்தாள், தோழியின் சங்கிலியை வைக்கவில்லை. பாஞ்சாலி சபையில் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுதானே: என்னை வைப்பதற்கு உனக்கு என்ன பாத்தியதை? தருமன் தன்னைத் தோற்ற பிறகாவது அவளை வைத்தான். நான் என்னை எடுத்துக்கொண்டு அவர்களை விட்டுவிட்டு வந்தேன்.

இதற்குப் பதிலாக 'அவன் வயசுக்கு வந்தவன்தானே, அவனாப் போட்டான்' என்று என் நண்பர்கள் சொன்னார்கள். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்குப்படி மூன்று வருடத்தில் எஃப் அண்ட் ஓ ஆடிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். எல்லாரும் வயசுக்கு வந்தவர்கள்தான். அவன் முடிவு எடுத்தான் என்பது சரி. எதை வைத்து எடுத்தான்? என் முகத்தை வைத்து. என் முகம் அந்த ஞாயிற்றுக்கிழமை பொய்யாக இருந்தது. அவன் எடுத்த முடிவிலிருந்து அந்தப் பொய்யைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு அவனுடையது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்றைக்குச் சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு திருமுக்குளத்துப் பக்கம் போனேன். படியில் உட்கார்ந்தோம். சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை விற்றது, ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் சொன்னது, எல்லாம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டான். "நல்ல வேளை மச்சான். அப்பமே சொல்லியிருந்தா நானும் வித்துருப்பேன். சங்கிலி போயிருக்கும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாபம் வந்துவிட்டதால் அவனுக்குக் கோபப்படக் காரணமில்லை, எனக்கு மன்னிப்புக் கேட்க இடமில்லை.

"அம்மாட்ட சொல்லாதீக" என்றான். "பெரியம்மா வேற வந்து கேட்டுட்டுப் போயிருக்காக, அவுககிட்ட ஒரு மூணு லட்சம் இருக்காம். உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு அம்மா சொல்லியிருக்கு."

குளத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. கோபுரத்தில் விளக்கு போட்டார்கள். மணி ஏழைத் தாண்டியிருந்தது, இன்னும் ஒரு மணி நேரத்தில் அங்கே சந்தை திறந்துவிடும். அவன் போனைக் கையில் எடுத்தான், திறக்கவில்லை.

"மச்சான், இப்ப உங்ககிட்ட எத்தன பங்கு இருக்கு?"

இத்தனை நாளில் அவன் அதைக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. என் போனைத் திறந்து, கணக்கு வரும்வரை காத்திருந்து, அவன் கையில் கொடுத்தேன்.